நடுத்துண்டு யாருக்கு?

காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் எங்கள் கோஷ்டிக்கென்று ஒரு பெட்டி உண்டு. மீஞ்சூரில் நான் ஏறுவேன். பொன்னேரியில் 'ஸ்டோர்ஸ்' ஏறுவான். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் என்பதால் அந்தப் பெயர். நிஜப் பெயர் வேண்டாம். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என் பேனாவால் ஒரு குடும்பத்தில் கலவரம் வரக்கூடாது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஏறினதும் ஏறாததுமாக என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, எந்த டின் நல்ல டின்?"

"பெயின்ட்டா?"

"இல்லண்ணே. பால் பவுடர். குழந்தைக்கு."

குழந்தை பிறந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது. நான் முழித்ததைப் பார்த்து இன்னும் குரலைத் தாழ்த்தினான்.

"தாய்ப்பால் தண்ணியா இருக்காம்ணே. சத்தே இல்லையாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிச்சு. அம்மாவும் ஆமாங்கிறாங்க."

லோக்கல் ரயிலில் ரகசியம் பேசுவதற்குப் பதில் மைக் வைத்துப் பேசலாம். கவரைப்பேட்டை வருவதற்குள் பெட்டியே மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. மெயின்டனன்ஸ்காரர் பூண்டு என்றார். பழவேற்காட்டில் பெண் எடுத்தவர் பால் சுறாப் புட்டு என்றார். ஒருவர் செல்போனைத் திறந்து, எங்கிருந்தோ வந்த ஒரு மெசேஜைச் சத்தமாகப் படித்தார். இன்னொருவர் தன் பையனுக்கு எந்த டின் என்று சொல்லி, "இப்ப பாருங்க, எப்படி இருக்கான்!" என்று போட்டோ காட்டினார். பையன் டின் மாதிரியே இருந்தான்.

எண்ணிப் பார்த்தேன். ஆலோசனை சொன்னவர்கள் எட்டுப் பேர். எட்டும் மீசை. தாய்ப்பால் பற்றி இவ்வளவு நிச்சயமாகப் பேசுவதற்கு ஆணாகப் பிறந்தால்தான் முடியும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது ஸ்டோர்ஸ் என் கையைப் பிடித்தான். "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்கண்ணே. நீங்கதான் பத்திரிகையில எழுதுறவராச்சே, அம்மா நம்புவாங்க."

எழுதுகிறவன் சொன்னால் நம்பும் ஓர் அம்மாவா! போய்ப் பார்க்காமல் விடலாமா? ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. ஆபீசில் லெட்ஜர் பார்ப்பது என் பிழைப்பு, பால் பார்ப்பது அல்ல. ஆகவே அந்த வாரம் கொஞ்சம் படித்தேன். தெரிந்த குழந்தை டாக்டர் ஒருவரைப் பிடித்துக் கொஞ்சம் கேட்டேன்.

முதல் விஷயம். தாய்ப்பால் தண்ணியாகத்தான் இருக்கும். நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரேதான். மிச்சம் இருப்பதில்தான் எல்லாம். 100 மில்லியில் சர்க்கரை சுமார் 7 கிராம், கொழுப்பு மூன்றரையிலிருந்து 4, புரதம் 1 கிராம். பசும்பாலில் புரதம் இதைப்போல மூன்று மடங்கு. 'பார்த்தீங்களா, மாட்டுப்பால்தான் சத்து' என்று குதிக்காதீர்கள். கன்றுக்குட்டி சீக்கிரம் எழுந்து ஓடவேண்டும், எடை கூடவேண்டும். நம் பிள்ளைக்கு அந்த அவசரம் இல்லை. பிறந்த எடை இரண்டு மடங்காக நாலைந்து மாதம் எடுத்துக்கொள்கிறது. அதன் வேகத்துக்கு அளந்து வைத்த பால் அது.

அப்புறம், ஒரே வேளையில்கூட பால் ஒரே மாதிரி இருக்காது. முதலில் வருவது நீர்த்தது, தாகத்துக்கு. குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்தது முதல் நாலு சொட்டு. சினிமாவில் சென்சார் சர்டிபிகேட்டை மட்டும் பார்த்துவிட்டு 'படம் சரியில்லை' என்று எழுந்து வந்த கதை.

பால் போதவில்லை என்று டின் வாங்கினால் என்ன ஆகும்? குழந்தை டின்னில் வயிறு நிரம்பித் தாயிடம் குறைவாகக் குடிக்கும். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுதான் உள்ளே ஊறும். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆர்டர் குறைந்தால் புரொடக்‌ஷன் குறையும். அடுத்த மாதம் நிஜமாகவே பால் போதாது. 'நான் அப்பவே சொல்லல?' என்று அக்கா ஜெயித்துவிடுவார்.

போதுகிறதா என்று தெரிந்துகொள்ள பாலைப் பார்க்க வேண்டாம், பிள்ளையைப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைக்கிறதா, எடை அட்டையில் கோடு மேலே போகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டுக்கும் ஆமாம் என்றால் போதுகிறது. இல்லை என்றால் டின் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இத்தனை ஞானத்தோடு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி போய் இறங்கினேன்.

இரண்டு அறை போர்ஷன். உத்தரத்தில் தூளி. அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்த்துக்கொண்டது, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பத்தியம் சமைப்பது எல்லாம் மாமியார்தான். நல்ல மனுஷி. திண்டிவனம் பக்கத்திலிருந்து மகனுக்காக வந்து, மூன்று மாதமாக ராத்தூக்கம் இல்லாமல் இருக்கிறார்.

எடை அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்தபோது 2.8 கிலோ. இப்போது 4.7. கோடு ஜம்மென்று மேலே போகிறது. துணி நனைப்பதற்குக் குறைவே இல்லை என்பதற்கு என் சட்டை சாட்சி.

"டின்னெல்லாம் வேண்டாம்மா" என்றேன். தீர்ப்பு சொன்ன திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

வஞ்சிரம் குழம்பு. எனக்கொரு நடுத்துண்டு, ஸ்டோர்ஸுக்கு ஒரு நடுத்துண்டு, அவித்த முட்டை ஆளுக்கொன்று. நாங்கள் கை கழுவின பிறகு அந்தப் பெண் அடுக்களையில் உட்கார்ந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போன நான் தட்டைப் பார்த்துவிட்டேன். ரசம் சாதம், நாலு பல் பூண்டு, சுட்ட அப்பளம். அவ்வளவுதான்.

"தங்கச்சி, மீன் சாப்பிடறதில்லையா?"

அது பதில் சொல்வதற்குள் மாமியார் சொன்னார்: "பச்சை உடம்புங்க. மீன் தின்னா புள்ளைக்கு மாந்தம். முட்டை கரப்பான். கீரை தின்னா பேதியாகும், தயிரு சளி. தண்ணியும் ரொம்பக் குடிக்கக் கூடாது, பால் தண்ணியாயிடும்."

பெண் சிரித்தது. தட்டை வைக்க எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டது. "எழுந்தா கொஞ்சம் தலை சுத்தும்ணா. பழகிடுச்சு." உள்ளங்கையைப் பார்த்தேன். பேப்பர் மாதிரி வெளுப்பு.

ஸ்டோர்ஸ் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறான். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவன். சரக்கு எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று நாள் பூரா கணக்கெழுதுகிறவன். வீட்டில் ஓரிடத்தில் வெளியே போவது மட்டும் நடக்கிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை என்பது அவன் கண்ணில் படவே இல்லை.

"ஆனா புள்ளை நல்லாத்தானே இருக்கு, அண்ணே?" என்றான் வாசலில்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடி எழுபது வருஷம் பின்னால், குன்னூருக்குப் போகவேண்டும்.

குன்னூரில் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. 1918-ல் மக்கரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒற்றை அறையில் ஆரம்பித்தது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 2019-ல் நூறு வயது தாண்டி மறைந்தார். 1950-களில் அவர் ஏழைத் தாய்மார்களின் பாலைச் சோதித்துப் பார்த்தார். அரைவயிறு சாப்பிடுகிற பெண்கள். பாலும் அரைகுறையாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்போம். இல்லை! புரதம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிற பெண்களின் பாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

எப்படி? சில குடும்பங்களில் பார்த்திருப்பீர்கள். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் ஒரு நாள் தவறாது. சட்டை கசங்காது. ஆனால் அம்மா கழுத்தில் செயின் இருக்காது. அடகுக்கடையில் இருக்கும். பாலும் அப்படித்தான் வருகிறது. பாலில் போகிற கால்சியம் குறையவே குறையாது, அம்மா சாப்பிடாவிட்டால் அவள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். கலோரி போதாவிட்டால் அவள் உடம்பின் சேமிப்பிலிருந்து போகும். ஆகவே பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதால் தாய் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தமில்லை. ரசீது நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பிள்ளைக்காவது ஒரு குறையும் வராதா? வரும். கோபாலனே அதையும் பார்த்தார். அந்தப் பாலில் வைட்டமின்கள் குறைந்திருந்தன. அடகு வைக்க அம்மாவின் உடம்பில் வைட்டமின் நகை அதிகம் இருப்பதில்லை. அவள் தட்டில் இருந்தால் பாலில் இருக்கும். தட்டில் இல்லையென்றால் பாலிலும் இல்லை.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டு ரயில் பாதைகள். ஒன்று கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே போகிறது. இன்னொன்று திருவள்ளூர் வழியாக மேற்கே. இரண்டு பாதையிலும் இதற்கு ஒவ்வொரு பாடம் இருக்கிறது.

வடக்குப் பாதையில் ஆந்திராவுக்குள் நேரே போனால், அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் ஜில்லாக்கள். அங்கே பெரிபெரி என்ற வியாதி இருந்தது. மில்லில் பளபளவென்று தீட்டின பச்சரிசி சாப்பிடுகிற வீடுகள். தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விட்டது. அம்மா நடமாடிக்கொண்டுதான் இருப்பாள். அவள் பாலில் பி1 இருக்காது. இரண்டு மூன்று மாதக் குழந்தை, பால் குடித்துக்கொண்டிருக்கிற குழந்தை, இருதயம் பலவீனமாகித் திடீரென்று போய்விடும். குன்னூர்க்காரரான அய்க்ராய்டும் கிருஷ்ணனும் இந்தப் பகுதியின் குழந்தைச் சாவுகளை ஆராய்ந்து 1941-ல் எழுதினார்கள். புழுங்கலரிசி சாப்பிடுகிறவர்கள் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பி1 உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் பாதி மிஞ்சும். நம் பாட்டிகள் லேபரட்டரி பார்க்காமல் செய்த காரியம்.

மேற்குப் பாதையில் அரக்கோணம் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் நால்வரும் 1962-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகள், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. தலை நின்றது மறுபடி சாய்கிறது. உட்கார்ந்தது படுத்துவிட்டது. கைகால் தோல் கறுக்கிறது, உடம்பு தானாக நடுங்குகிறது. காரணம் பி12. அம்மா உடம்பில் இல்லை, பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. பி12 இருப்பது பால், தயிர், முட்டை, மீன், கறியில். அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் கிடையாது. ரசம் சாதத்திலும் சுட்ட அப்பளத்திலும் தேடவே வேண்டாம்.

கவனித்தீர்களா? பத்தியத்தில் தள்ளிவைத்த லிஸ்ட்டும் இதுவும் ஒன்றுதான்.

பத்தியத்தை மொத்தமாகக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. பூண்டைப் பற்றி அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1991-ல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அம்மா பூண்டு சாப்பிட்டால் பாலில் வாசனை ஏறுகிறது, பிள்ளைகள் முகம் சுளிக்காமல் கூடுதல் நேரம் மாரில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே பூண்டு ரசம் தொடரலாம். அதோடு மற்றதும் வேண்டும் என்பதுதான் வழக்கு. சுறாப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது. தாய்மாருக்கு நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீனே மேல். மீன் கொழுப்பில் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய சரக்கு இருக்கிறது, அது அம்மா தின்றால்தான் பாலுக்குப் போகும். பழவேற்காட்டை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ரசம் சாதமா!

கணக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் பாலூட்டுகிற பெண்ணுக்குத் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. புரதம் 17 கிராம் கூடுதல். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் என்று போட்டால் கணக்கு நேராகிவிடும். முட்டை ஆகாத வீட்டில் பாலும் தயிரும் கூட்டிக்கொள்ளுங்கள். கீரை ஒரு பிடி. உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும், அதுவும் பால் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி. தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப்போகாது. குடிக்காவிட்டால் அம்மாவுக்குத்தான் நா வறளும்.

கர்ப்பகாலத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்தோடு முடிந்தது என்று பல வீடுகளில் அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதாவது உங்கள் பெட்டியில் நாலு பேர் கல்யாணமானவர்கள் என்றால், இரண்டு பேர் வீட்டில் யாரோ எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கிறார்கள்.

2017-ல் சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். நல்லது. தனியார் கம்பெனி அப்பாக்களுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. அதனால்தான் ஸ்டோர்ஸ் மாதிரி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகூட அடுக்களைப் பக்கம் தலை திரும்பவில்லை என்றால், அதற்கு எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு இதில் பாதியை அந்த அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "நான் இவனைப் பெத்தப்ப மூணு மாசம் ரசஞ்சோறுதான். இவன் வளரலையா?"

"இவன் வளர்ந்தான்மா. நீங்க எப்படி இருந்தீங்க?"

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே யோசித்தார்.

"முடியெல்லாம் கொட்டிப் போச்சு. கெணத்துல ஒரு கொடம் இழுத்தா மூச்சு வாங்கும். கண்ணு இருட்டும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்." கொஞ்சம் கழித்து, "யாரும் கேக்கல" என்றார்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. காரணம் வேறு. என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன், "நம்ம பாப்பா கைக்குழந்தையா இருந்தப்ப நீ என்ன சாப்பிட்ட?" அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல், "பதினேழு வருஷம் கழிச்சு ஆடிட்டா?" என்றாள். லெட்ஜர் பார்க்கிறவனுக்கு இது தேவைதான்.

அடுத்த வாரம் ஸ்டோர்ஸ் ரிப்போர்ட் கொண்டுவந்தான். மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. இரும்பு, கால்சியம் இரண்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கன்வாடியில் பெயர் கொடுத்துச் சத்துமாவும் வாங்கியாகிவிட்டது. டின் காசில் முட்டை.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"மாறிட்டாங்கண்ணே. நேத்து மீன் கொழம்பு. நடுத்துண்டு ரெண்டையும் அவ தட்டுல வெச்சிட்டாங்க." முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு வாலு."

பெட்டியே சிரித்தது. பால் சுறாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் ஐந்து மாதக் குழந்தை. செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "ஏய், காலைல என்ன சாப்பிட்ட?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை. ஆனால் கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை அந்த மனுஷன் வாயைத் திறக்கவே இல்லை.